லீவுதானே

"லீவுதானே" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை முதன்முதலில் சொன்னது யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். போன வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் என் வீட்டுக்காரர் ரத்தினவேல் அந்த வார்த்தையை எடுத்தார். லீவுதானே, அந்தக் கம்பளியெல்லாம் துவச்சுப் போட்டுரு. லீவுதானே, பரண்ல கிடக்கிற பாத்திரத்தை இறக்கிக் கழுவிரு. லீவுதானே, எங்க ஊர்க்காரப் பயலுக நாலு பேரு சாயங்காலம் வாராய்ங்க, கொஞ்சம் கறி எடுத்துருவோம். அன்றைக்கு ராத்திரி சுவரில் சாய்ந்தபோது, நாளைக்குக் கம்பெனிக்குப் போனால்தான் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று தோன்றியது. கம்பெனியில் எனக்கு எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை.

எங்கள் வீடு மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், ஜூஜுவாடியில். சட்டைக்குக் கை வைத்துத் தைத்ததை நான் சரிபார்க்கும் கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியைத் தாண்டி இருக்கிறது. நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். ஆனால் லீவு என்று வந்துவிட்டால் அது வேறு தேசம். மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவே குளித்து முடித்துப் புதுத்துணியில் நிற்கும், எனக்கு மட்டும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குப் பதிலாக நவம்பர் ஒன்று. கர்நாடகத்துக்கு அன்று ராஜ்யோத்சவா, மாநிலம் பிறந்த நாள். அங்கே மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி, பாட்டுப் போட்டு, கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். இங்கே பள்ளிக்கூடமும் உண்டு, சிப்காட்டில் ரத்தினவேலுக்கு டூட்டியும் உண்டு.

அதாவது, வருஷத்தில் ரெண்டே ரெண்டு நாள், அதில் இதுதான் முதலாவது, வீட்டில் எல்லோரும் வெளியே போய்விட, நான் மட்டும் உள்ளே இருக்க முடியும். போன வருஷம் அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். இந்த வருஷம் சொல்வதாக இல்லை. கம்பெனி டிசம்பரிலேயே கொடுத்த லீவு லிஸ்ட் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் வாங்கிய மாம்பழக் காந்தம் ஒன்று வைத்திருந்தேன். அதைச் சரியாக நவம்பர் ஒன்றின்மேல் வைத்து மறைத்தேன். பதினொரு மாதம் அந்த மாம்பழத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சோறு பொங்கினேன்.

அப்படி என்னதான் செய்யப் போகிறாய் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. தூங்க வேண்டும். தோசையைச் சூடாக, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தலைக்கு மருதாணி போட்டு, புருவம் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று முழுக்க ஒருவரும் என்னை "அம்மா" என்று கூப்பிடக் கூடாது. என் மகள் மணிமேகலைக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எத்தனை தரம் அம்மா சொல்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் எண்பத்து மூன்று. அதற்குமேல், "அம்மா, என்னம்மா எண்ற, அம்மா?" என்று கேட்டுக் கணக்கைக் கலைத்துவிட்டாள். அவள்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. காது வலிக்கிறது, அவ்வளவுதான்.

நாள் வந்தது, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன், மூன்று டப்பா கட்டினேன். மேகலையைத் தூக்கக் கலக்கத்திலேயே உட்கார வைத்துத் தலை பின்னினேன். கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையையும் போட்டுக்கொண்டேன். பொய் சொல்வதென்று முடிவான பிறகு அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

"வேன் இன்னிக்கி மெயின் ரோட்டுலயே நிக்குமாம். நான் நடந்து போயிக்கறேங்க," என்றேன்.

ரத்தினவேல் பேப்பரிலிருந்து நிமிராமல் "ம்" என்றார். பல் தேய்த்துக்கொண்டிருந்த மேகலை நிமிர்ந்தாள்.

"ஏம்மா தெருவுக்குள்ள வரல?"

"ஹாரன் ரிப்பேரு."

"ஹாரன் ரிப்பேர்னா வண்டி ஏன் வராது?"

"வாயக் கொப்பளி," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இந்தக் குழந்தையைத்தான் கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

ரத்தினவேல் எட்டேகாலுக்கு மேகலையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே டூட்டிக்குப் போவார். அதுவரை ஒரு மணி நேரம் எங்காவது பதுங்க வேண்டும். பின் தெருவில் கெம்பம்மா வீட்டுக்குப் போனேன். கம்பெனியில் தையல் லைனில் எனக்கு அடுத்த மேஜை அவள். தளிப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. நான் போனபோது அவள் புருஷன் கொண்டுவந்து வைத்த காபி பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. அவள் கால் நீட்டி உட்கார்ந்து மகள் ஸ்வாதிக்கு ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, வகிடு கோணினால் பிரித்து மறுபடி எடுத்து, அவ்வளவு நிதானம்.

"என்னா ப்ரியா, லீவு நாள்ல ஐடி கார்டு?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் காபி புரை ஏறியது. "எங்க ஊட்டுல நான் லீவுன்னா அந்தாளு பயந்துகிட்டு சீக்கிரம் டூட்டிக்கு ஓடிடுவாரு. நீ என்னாத்துக்கு இப்பிடி ஒளியிற?"

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் யாருக்குச் சொல்லப் போறேன்," என்றாள்.

அவள் சொல்லவில்லை, சத்தியமாக. ஆனால் பின்னலுக்குள் சிக்கிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், ரெண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டு அங்கே ஸ்வாதி உட்கார்ந்திருந்தாள். அவளும் மேகலையும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அது உறைக்கவே இல்லை.

எட்டரைக்கு வீடு திரும்பினேன். கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா சென்னம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் கம்பெனிக்குப் போய் ஓய்வு பெற்றவர். என் கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு கீரையைப் பார்த்தார்.

"ஏம்மா, வேன வுட்டுட்டியா?"

"ஆமாங்கக்கா… இல்லீங்கக்கா…"

"போ, போ. நான் ஒன்னியும் பாக்கல," என்றார். அந்தக் காலத்தில் அவரும் நவம்பர் ஒன்றை எங்கோ ஒளித்து வைத்திருப்பார் போல.

கதவைச் சாத்தினேன். வீடு அமைதியாக இருந்தது. குக்கர் கத்தவில்லை, டிவி கத்தவில்லை. பாயைப் போட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை; பழக்கம் கெட்டுப்போயிருந்தது. சரி என்று எழுந்து தோசை ஊற்றினேன். ஒன்று ஊற்றி, அடுப்பை அணைத்துவிட்டு, உட்கார்ந்து தின்றேன். மறுபடி எழுந்து இன்னொன்று. மூன்றாவதுக்கு, "போதுமா, இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று என்னையே நான் கேட்டுக்கொண்டேன். வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பத்தரைக்குச் சுஜாதா அக்காவின் பார்லருக்குப் போனால் உள்ளே எங்கள் லைனே உட்கார்ந்திருக்கிறது. காலர் வைக்கிறவள், பட்டன் தைக்கிறவள், இஸ்திரிக்காரி, எல்லோரும். ஒருத்தி மாமியாரிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்னொருத்தி கம்பெனியில் ரத்த தான முகாம் என்று சொல்லியிருந்தாள். கெம்பம்மாவும் வந்து சேர்ந்தாள், அவள் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு. சுஜாதா அக்கா என் தலையில் மருதாணியை அப்பி, பிளாஸ்டிக் கவரை மாட்டிவிட்டு, நூலை வாயில் கடித்துக்கொண்டு புருவத்தில் இறங்கினார். இடது புருவம் முடிந்தது. வலது பக்கம் வரும்போது என் போன் அடித்தது.

பள்ளிக்கூடம். சுசித்ரா மிஸ்.

"மணிமேகலை வயிறு வலிக்குதுன்னு அழறாங்க மேடம். நீங்க கம்பெனியில இருப்பீங்க, வர ஒரு மணி நேரம் ஆகும்னு தெரியும். கீழ் வீட்டம்மாவ அனுப்பினாக்கூடப் பரவால்ல."

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜூன் மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. சூப்பர்வைசர் கையெழுத்து, கேட் பாஸ், பிறகு ஹைவே வரை நடை, ஆட்டோ, செக்போஸ்ட் நெரிசல் என்று நான் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவள் ஆபீஸ் பெஞ்சிலேயே, ஷூ போட்ட காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். ஆகஸ்டில் இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அன்று டார்கெட் நாள், சொன்ன எண்ணிக்கை முடியாமல் விடவில்லை. சென்னம்மாள்தான் போய்க் கூட்டி வந்தார்.

இப்போது நான் இருப்பது பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. நான் எப்படிப்பட்டவள் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ரெண்டு விநாடி என் மனது கணக்குப் போட்டது. உடனே போனால் மாட்டிக்கொள்வேன். மருதாணியைக் கழுவி, இன்னொரு புருவத்தையும் முடித்து, முக்கால் மணி நேரம் கழித்துப் போனால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். ரெண்டே விநாடிதான். மூன்றாவது விநாடியில் நான் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் சுஜாதா அக்கா, "ஏம்மா, இன்னொரு புருவம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

நாலு நிமிஷத்தில் போய்விட்டேன். ஆபீஸ் பெஞ்சில் மேகலை உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சுசித்ரா மிஸ் என் தலையைப் பார்த்தார். கவரின் ஓரத்திலிருந்து பச்சையாக ஒரு கோடு நெற்றியில் வடிந்துகொண்டிருந்தது.

"கம்பெனியில புது ரூல்ங்க மிஸ். தலைக்குக் கவர் போடணும், தூசு படாம," என்றேன்.

"பரவால்லயே மேடம். கம்பெனி ரொம்பக் கிட்ட வந்துடுச்சு போல," என்று அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். எழுத்து எனக்கே படிக்க முடியாத மாதிரி வந்தது.

வெளியே வந்து தெரு திரும்பும்வரை மேகலை என் கையைப் பிடித்துக்கொண்டு பதவிசாக நடந்தாள்.

"வயிறு எப்பிடி இருக்கு?"

"சரியாப் போயிடுச்சு."

"எப்ப?"

"நீ கேட்டுக்குள்ள வரப்ப."

நின்றேன். அவளும் நின்றாள். என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"ஸ்வாதி சொன்னா. அவங்கம்மாவுக்கு இன்னிக்கி லீவாம். நீ அவங்க வீட்டுல வந்து ஒளிஞ்சியாம். யார்கிட்டயும் சொல்லாதன்னியாம். நான் நம்பல. அதான் வயிறு வலின்னேன்."

"எதுக்கு?"

"கம்பெனியிலருந்தா லேட்டா வருவ. வீட்டுலருந்தா சீக்கிரம் வருவ. அதான் மணி பாத்தேன்."

கணக்கில் மந்தமாம். எனக்கு வந்த கோபத்தில் தெரு என்றும் பார்க்கவில்லை. பொய் சொல்லி வகுப்பிலிருந்து வரலாமா, எனக்கு உயிரே போய்விட்டது தெரியுமா, பதினொரு மாதம் காத்திருந்த நாள் இது தெரியுமா என்று ஏதேதோ கத்தினேன். மளிகைக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் கவரோடு ஒருத்தி, ஒற்றைப் புருவத்தை உயர்த்திக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தையோடு சண்டை போட்டால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள்.

"அம்மா, நீ லீவு எடுத்தது கம்பெனிக்கா, எனக்கா?"

எனக்குப் புரியவில்லை என்று நடித்திருக்கலாம். வீட்டில் வேலை இருக்கிறது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையிலிருந்து சொன்ன பொய்யிலேயே களைத்துப்போயிருந்தேன்.

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச தூரம் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள்.

"அப்ப எனக்கும் லீவு வேணும்."

"அதான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டியே."

"ஸ்கூலுக்கு இல்ல. உனக்கு."

மாடிப்படி ஏறுவதற்குள் விதிமுறைகள் முடிவாகிவிட்டன. எங்கள் கம்பெனியில் யூனியனோடுகூட இவ்வளவு கறாராகப் பேசி நான் பார்த்ததில்லை. ஆறு மணிவரை நான் அவளுக்கு அம்மா இல்லை, அவள் எனக்கு மகள் இல்லை. சாப்பிடு, குளி, குதிக்காதே, எழுது என்று நான் சொல்லக் கூடாது. அவள் அம்மா என்று கூப்பிடக் கூடாது.

"அப்ப என்ன வேணும்னா எப்பிடிக் கேக்கிறது?" என்றாள்.

"எனக்குன்னு பேரு இருக்குதில்ல."

யோசித்தாள். "ஜெயப்ரியா, கதவத் தெற," என்றாள்.

தலையை அலசிவிட்டு வந்து பார்த்தேன். ஷூவோடு கட்டிலில் ஏறி நின்று டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய்" என்று ஆரம்பித்தேன். திரும்பாமலே, "லீவு," என்றாள். வாயை மூடிக்கொண்டேன். சத்துமாவு டப்பாவை எடுத்து, பால் இல்லாமல், வெறும் மாவாகக் கரண்டி கரண்டியாகத் தின்றாள். என் கண்மையால் மீசை வரைந்துகொண்டாள். மெத்தை விரிப்பில் கை துடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் என் நாக்கு எழும்பி எழும்பி அடங்கியது. எனக்கு லீவு, ஆனால் என் வாய்க்கு அன்றுதான் ஓவர்டைம்.

பாயில் படுத்தேன். ஒரு மணி நேரமாக ஒருவரும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. நான் கேட்டது அதைத்தான். ஆனால் என்ன கருமமோ, கண்ணை மூடினால் காது மட்டும் விழித்துக்கொண்டு எதையோ எதிர்பார்த்தபடி இருந்தது.

மத்தியானம் டப்பாவைத் திறந்து தயிர் சோற்றையும் உருளைக்கிழங்கையும் தட்டில் போட்டேன். விதிப்படி அவளைக் கூப்பிடவில்லை. அவளே வந்தாள், மீசையோடு.

"ஜெயப்ரியா, உருளக்கிழங்கு இருக்கா?"

"இருக்குது. எடுத்துக்க."

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, தட்டை எடுத்து, தானே போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கேண்டீனில் புதிதாகச் சேர்ந்தவள் பக்கத்தில் வந்து உட்காருவது போல இருந்தது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க கம்பெனியில சாப்பாடு நல்லாருக்குமா?"

"சாம்பார் தண்ணியா இருக்கும்."

"ம். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒண்ணு இருக்குது."

"எப்பிடி?"

"பயங்கர வாலு. பொய் சொல்லும். மாவத் திங்கும்."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "எனக்கு ஒரு அம்மா இருக்காங்க," என்றாள்.

"அப்பிடியா. எப்பிடி அவங்க?"

"நல்லவங்கதான். ஆனா ரொம்ப வேகம். காலையில தல பின்றப்ப இழுத்து இழுத்துப் பின்னுவாங்க. வலிக்குதுன்னா, வேன் வந்துடும்பாங்க." ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டாள். "இன்னிக்கி வேன் இல்லல்ல. இன்னிக்கும் இழுத்துத்தான் பின்னுனாங்க."

கெம்பம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்ததும், கோணல் வகிடும், பிரித்து மறுபடி எடுத்ததும் கண்ணில் வந்து நின்றன. என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை எல்லாம் அவள் தட்டில் தள்ளினேன். அவள் தாங்க்ஸ் சொன்னாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு நிஜமாகவே தூக்கம் வந்தது. அடி ஆழத்துத் தூக்கம், பதினொரு மாதக் கடன் எல்லாம் சேர்த்து இழுக்கிற தூக்கம். மூன்று மணி இருக்கும். பீரோக் கதவு அடைக்கும் சத்தம் கேட்டது. கூடவே, "அ…"

அவ்வளவுதான். பாதியில் நின்றுவிட்டது.

எழுந்து உட்கார்ந்தேன். பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் கல்யாணப் புடவையைப் பாதி இழுத்துத் தோளில் போட்டிருந்தாள். வலது கை விரல்களை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் நிரம்பி, மீசை கரைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு ரெண்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல் வெளியே வந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிக் கடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்.

"ஜெயப்ரியா… விரலு நசுங்கிடுச்சு."

பாழாய்ப்போன லீவு. அதைக் கேட்டவளும் நான்தான், கொடுத்தவளும் நான்தான். பாயிலிருந்து எப்படி எழுந்தேன், எப்படித் தூக்கினேன் என்று தெரியாது.

"லீவு கேன்சல்," என்றேன். "கேன்சல் டீ, கண்ணு. கூப்பிடு."

கூப்பிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள். கீழே சென்னம்மாளுக்கே கேட்டிருக்கும். குழாயடியில் விரலைக் காட்டியபோது கூப்பிட்டாள், ஊதிவிட்டபோது கூப்பிட்டாள், ஒன்றும் இல்லை, ரத்தம் இல்லை என்று நான் சொன்னபோது இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். நான் எண்ணவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன், எங்கே எண்ணுவது.

விரல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவளை மடிக்கு முன்னால் உட்கார வைத்து, காலையில் இழுத்துப் போட்ட பின்னலை அவிழ்த்தேன். எண்ணெய் வைத்தேன். சிக்கை நுனியிலிருந்து எடுத்தேன். வகிடு கோணியது, பிரித்து மறுபடி எடுத்தேன். அவள் தலை மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்து என் வயிற்றில் முட்டிக்கொண்டது. ஒரு தலையைப் பின்ன அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆறு மணிக்கு ரத்தினவேல் வந்தார். அதற்குள் நான் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியவள் போல டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். மேகலை ஹோம்வொர்க் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தால் எந்தப் போலீஸும் சந்தேகப்படாது.

"என்னத்தா, பள்ளிக்கூடம் எப்படி?" என்றார்.

"நல்லாருந்துச்சுப்பா."

என்னைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். "ஏ புள்ள, உன் மூஞ்சி ஒரு பக்கமாப் போயிருக்கு? ஒரு கண்ணு மட்டும் முழிச்சிக்கிட்டு இருக்க மாதிரி?"

சட்டென்று டப்பா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புருவத்தை மறந்தே போயிருந்தேன்.

"அப்பா," என்றாள் மேகலை, நோட்டிலிருந்து நிமிராமல். "அம்மாவுக்கு இன்னிக்கி வேலை ஜாஸ்தியாம். பாதிதான் முடிஞ்சுதாம். நின்னு நின்னு காலு வலியாம். நீயே டீ போட்டுக்க. எங்களுக்கும் போடு."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, நம்பினால் நம்புங்கள், சமையல்கட்டுக்குள் போனார். டீத்தூள் எங்கே என்று கேட்டார். அவள் சொன்னாள்.

அவர் அங்கே பாத்திரத்தை உருட்டும் சத்தம் வந்ததும், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். மாம்பழத்தைக் கையில் எடுத்து, லிஸ்டில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, உனக்கு லீவு உண்டு, எனக்கும் அப்பாவுக்கும் இல்ல, அந்த மாதிரி அடுத்தது எது?"

மெதுவாக நடந்து போய் அந்த ரெண்டாவது நாளைக் காட்டினேன். அந்தத் தேதியின்மேல் மாம்பழத்தை வைத்து அழுத்தினாள். சரியாக மறைகிறதா என்று கீழே இறங்கி நின்றும் பார்த்தாள். பிறகு என் காதைத் தன் வாய்க்கு இழுத்தாள்.

"இன்னிக்கி உன் லீவு பாதியிலேயே கேன்சல் ஆயிடுச்சு. அரை நாள் பாக்கி இருக்கு. அன்னிக்கி எடுத்துக்க. நீ தூங்கு, இன்னொரு புருவத்த எடுத்துக்க. நான் ஸ்கூல்ல சமத்தா இருப்பேன்."

"நெசமாவா?"

"நெசமா. ஒரு மணி வரைக்கும் எனக்கு வயிறு வலிக்காது," என்றாள். "அதுக்கப்புறம் வலிக்கும்."